பின்மூலைத் தகடு

ஏனுங்க,

லேத்தை நிறுத்திய அன்றைக்குப் பட்டறையில் இருந்தவர்கள் இவர்கள்தாம்: நீங்கள், நான், உங்கள் அக்கா ருக்குமணி, என் தம்பி சந்திரன், டீ ஃபேக்டரி ஃபிட்டர் தேவசகாயம் அண்ணன், பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம்பிடித்து நின்ற நம் மகள் கலா. அந்தக் கடைசல் மெசினைச் சுமந்து வந்தவர்கள் டீயும் வர்க்கியும் வாங்கித் தின்றுவிட்டு வந்த லாரியிலேயே போய்விட்டார்கள். அவர்களை நான் சேர்க்கவில்லை. வேறு ஒருத்தரும் பட்டறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை தொடங்கி இந்தப் பெயர்களைத்தான் வாய்க்குள் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன்.

எழுதும்போது என் முன்னால் ஒரு செப்புத் தகடு கிடக்கிறது. என் உள்ளங்கை அகலம். பச்சை பூத்து, ஓரம் நசுங்கி, நடுவில் லேத்துக் காலின் அச்சு வட்டமாகப் பதிந்திருக்கிறது. புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். கட்டம் கட்டமாகக் கோடு தெரிந்தது. கட்டத்துக்குள் எழுத்து. கீழே உங்கள் நட்சத்திரம். அதற்குக் கீழே உங்கள் பெயர், நான் ஒரு நாளும் வாய்விட்டுச் சொல்லாத பெயர், எவனோ ஆணியால் குத்திக் குத்தி எழுதியது.

கலா பட்டறையை வாடகைக்கு விட்டுவிட்டாள். சாக்லேட் கடை வைக்கப் போகிறார்களாம். ஊட்டியில் இனி மனிதர்கள் சாக்லேட்டைத் தின்றுதான் உயிர்வாழ வேண்டும் போல. லேத்தை வாங்கிப் போகக் கோயம்புத்தூரிலிருந்து ஒருத்தர் மெக்கானிக்கோடு வந்தார். நட்டுகளைக் கழற்றிச் சங்கிலி போட்டுத் தூக்கினார்கள். மூன்று காலுக்கடியில் மட்டத்துக்காக நீங்கள் வெட்டி வைத்த பித்தளைத் தகடுகள் அப்படியே இருந்தன. சுவரோரத்துப் பின்மூலையில் மட்டும் உங்கள் தகடுகளுக்கு நடுவில் இது. மெக்கானிக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்.

"ஏனுங் அம்மா, மெசினுக்குமா மந்திரிச்சுப் போடுவாங்க?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது வருசத்துக்கு மேலாக எனக்கு விளங்காத ஒன்று அந்த நிமிசத்தில் விளங்கிப்போயிற்று. விளங்கியதைச் சொல்ல நீங்கள் இல்லை. அந்தக் கோபத்தில்தான் எழுதுகிறேன்.

அந்த நாளை நான் ஒரு நூல்கூடப் பிசகாமல் சொல்வேன். அதுவரை நம் பட்டறையில் அரமும் உளியும் இறுக்கிப் பிடிக்கிற வைஸும்தான். எஸ்டேட்காரர்களின் லைசென்ஸ் துப்பாக்கிகள், போட்டிக்குச் சுடுகிறவர்களின் துப்பாக்கிகள் எல்லாம் உங்களிடம் வரும். விசைக்குதிரை இடிப்பது, பிடிக்கட்டை பிளந்தது, துரு ஏறியது எல்லாம் பார்ப்பீர்கள். குழல் வேலை வந்தால் மட்டும் கோயம்புத்தூருக்கு அனுப்ப வேண்டும். அங்கே செய்து வருவது உங்களுக்குப் பிடிக்காது. எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே திட்டுவீர்கள். "துப்பாக்கி வேலையில ஏறக்குறையன்னு ஒண்ணு கெடையாது சரசு" என்பீர்கள். கீழ் கோத்தகிரியில் ஒரு ஃபேக்டரி மூடிக் கிடக்கிறது, அங்கே லேத் ஒன்று சும்மா நிற்கிறது என்று தேவசகாயம் அண்ணன் சொன்ன அன்றைக்கு நீங்கள் சோறு சரியாகச் சாப்பிடவில்லை.

தரையைத் தோண்டி, கருங்கல் போட்டு, கான்கிரீட் ஊற்றினீர்கள். இந்த ஊர்க் குளிரில் சிமெண்ட் சோம்பேறி, அவசரப்படுத்தினால் பழி வாங்கும் என்று ஒரு மாதம் சாக்கு போட்டு நனைத்துக் காத்தீர்கள். பட்டறையோ சாலைக்குக் கீழே பள்ளத்தில் ஒட்டியிருந்த குறுகல் அறை. ஜன்னல் வெளிச்சம் வேலை மேல் விழ வேண்டும் என்று லேத்தைச் சுவரை ஒட்டித்தான் நிறுத்த முடிந்தது. பின்பக்கம் ஓர் ஒல்லி ஆள் ஒருக்களித்து நுழையும் இடம்தான். உங்கள் தோளுக்கு அது போதாது.

ஃபேக்டரியிலிருந்து தேவசகாயம் அண்ணன் ரசமட்டம் ஒன்றை மரப்பெட்டியில் வைத்துக் குழந்தையைத் தூக்கி வருவதுபோல் கொண்டுவந்தார். கொத்தனார் கையில் இருக்கிற மட்டம் மாதிரி இல்லை. கலா கை நீட்டியதும், "தொடாதே கண்ணு, உன் மூச்சுச் சூட்டுக்கே நகரும்" என்றார். அவள் நம்பவில்லை. நீங்கள் அவள் சடையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, மட்டத்தின் ஒரு முனைக்கடியில் வைத்தீர்கள். குமிழி ஓடிப்போய் ஓரத்தில் நின்றது. ஒரு முடிக்கு. எல்லாரும் குனிந்து பார்த்தோம். சந்திரனும் பார்த்தான். அவன் பார்த்தான் என்பதை இங்கே அழுத்தி எழுதுகிறேன்.

லேத்தின் நாலு காலும் ஒரே மட்டத்தில் நிற்காவிட்டால் அதன் முதுகு முறுக்கிக்கொள்ளும். முதுகு முறுக்கினால் கத்தி நேராக ஓடாது. கடைகிற இரும்பு ஒரு முனையில் தடித்து, மறுமுனையில் மெலிந்து வரும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கும் தெரியாது. துப்பாக்கிக் குழலுக்குத் தெரியும். இதெல்லாம் நீங்கள் எனக்குச் சொன்னது. மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்கு வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

காலையில் தொடங்கி மத்தியானம் வரை மூலை மூலையாகத் தகடு வைப்பதும் எடுப்பதுமாக இருந்தீர்கள். பிறகு ஒரு இரும்புத் தண்டை லேத்தில் மாட்டி, அதன் இரண்டு முனையிலும் ஒவ்வொரு வளையம் மட்டும் மேடாக விட்டுக் கடைந்தீர்கள். இரண்டையும் அளந்தீர்கள். தேவசகாயம் அண்ணனும் அளந்தார். அளக்கிற கருவியை அவர் கீழே வைத்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "ரெண்டும் ஒண்ணு. இனி நீங்க கோயம்புத்தூர்க்காரன் மொகத்துல முழிக்க வேண்டியதில்ல" என்றார். நீங்கள் அந்தத் தண்டைத் துடைத்து என் கையில் கொடுத்து, "இந்தா, இஞ்சி நசுக்கிக்கோ" என்றீர்கள். உங்களுக்குக் கேலி வருவது அபூர்வம். அன்றைக்கு வந்தது.

அப்போதுதான் உங்கள் அக்கா வாயைத் திறந்தார். இவ்வளவு பெரிய சாமானை வெறும் தரையில் நிறுத்தினால் கண்ணு பட்டுப் போகும், கூடலூர்ப் பக்கம் ஒருத்தர் தகடு எழுதித் தருகிறார், அடியில் வைத்துவிடலாம் என்றார். நீங்கள், "அக்கா, இதுக்கு அடியில ஒரு முடி போனாக்கூடக் கெட்டுப்போயிரும்னு இப்பத்தானே காட்டுனேன்? பூசைக்குப் பொட்டு வெச்சுக்கோ, அதோட நிறுத்திக்கோ" என்றீர்கள். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார். அந்தச் சுளிப்பை நான் கல்யாணத்தன்றே பார்த்தவள்.

இரும்பு புது இடத்தில் கொஞ்சம் உட்காரட்டும், ஆயுதபூஜை முடிந்து நட்டுகளை இறுக்கலாம் என்று விரலால் மட்டும் முடுக்கிவிட்டு, லேத்துக்குக் கத்திகள் வாங்கக் கோயம்புத்தூர் போனீர்கள். நீங்கள் ஊரில் இல்லாத அன்று சந்திரன் வந்தான். பூசைக்குப் பட்டறையில் ஒட்டடை அடித்துத் தருகிறேன் என்று சாவி வாங்கிப் போனான். ஒட்டடை அடித்தான்தான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். ஆனால் உங்களுக்குத் தெரிந்தது பாதி.

குன்னூர்ப் பக்கத்து எஸ்டேட் அதிகாரி ஒருவர் தன் பெண்ணின் துப்பாக்கியைக் கொண்டுவந்தார். அந்தப் பெண் போட்டிக்குச் சுடுகிறவள், நல்ல அமைதியான பிள்ளை, என்னிடம் வந்து உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்து கொடுத்தாள். புதுக் குழல் பொருத்த வேண்டும். நீங்கள் குழலைக் கடைந்தீர்கள். அளந்தீர்கள். முகம் மாறியது. மறுபடி கடைந்தீர்கள். காலையில் ஒரு அளவு, வெயில் ஏறினால் ஒரு அளவு. முன்காலைச் சரிசெய்தால் இரண்டு நாள் நன்றாக இருக்கும், மூன்றாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி. இப்போதுதானே தெரிகிறது! ஆணியால் குத்திய செம்பு. குத்தின இடமெல்லாம் மேடு. பாரம் ஏற ஏற அது நசுங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. நீங்கள் இல்லாத குறையைத் துரத்திக்கொண்டிருக்கவில்லை, அடியில் ஒன்று நிஜமாகவே நகர்ந்துகொண்டிருந்தது.

சந்திரனைக் கூப்பிட்டீர்கள். ஒல்லி ஆள் அவன் ஒருத்தன்தானே. பின்பக்கம் நுழைந்து, பின்மூலைத் தகடெல்லாம் வைத்தபடி இருக்கிறதா பார் என்றீர்கள். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு நுழைந்தான். நான் டீ டம்ளரோடு வாசலில் நின்றேன்.

"அப்படியேதான் இருக்குதுங்க மாமா" என்றான்.

அடுத்த வாரமும் கேட்டீர்கள். அதே பதில். அதற்கப்புறம் ஒரு நாள், தேயிலைக் கொழுந்து லாரி ஓட்டிக்கொண்டு அந்த வழியாக வந்தவனை நிறுத்தி, பொறுமை கெட்டுப்போய்க் கேட்டீர்கள்: "நல்லாப் பாத்துச் சொல்றா. வேற எதாச்சும் தூசி, கல்லு, எதாச்சும்?"

"ஒண்ணுமே இல்லீங்க மாமா. நான் பாத்துட்டேன்."

தேவசகாயம் அண்ணனிடம் ரசமட்டத்தை மறுபடி வாங்கி வரச் சொல்லி நானும் தலையால் அடித்துக்கொண்டேன். நீங்கள் கேட்டீர்களா? மறுபடியும் போய் நின்றால் எனக்கு லேத் நிறுத்தத் தெரியவில்லை என்று ஆகிவிடும் என்றீர்கள். உங்கள் மேலும் எனக்குக் கோபம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். தரையைச் சந்தேகப்பட்டீர்கள், சிமெண்டைச் சந்தேகப்பட்டீர்கள், கடைசியில் உங்கள் கையைச் சந்தேகப்பட்டீர்கள். என் தம்பியை ஒரு நிமிசம் சந்தேகப்பட்டிருக்கக் கூடாதா? அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எதற்கு அப்படி நம்பினீர்கள்? எனக்குப் பிறந்த வீட்டுப் பெருமை வேண்டும் என்றா?

அந்தப் பெண்ணின் துப்பாக்கியை நீங்கள் பொருத்தித் தரவில்லை. நேராக இல்லாததைக் கொடுக்கமாட்டேன் என்றீர்கள். போட்டி போய்விட்டது. அவள் அப்பா பட்டறைக்கு வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். உங்கள் கையைப் பார்த்துவிட்டு, "கை நடுங்குது போல. வயசாச்சுல்ல" என்றார். அப்போது உங்கள் கை நடுங்கவில்லை. நான் பக்கத்தில் நின்றேன், பார்த்தேன், எந்தக் கோவிலிலும் சூடம் அணைத்துச் சொல்வேன்.

அந்தச் சொல் உங்களுக்கு முன்னால் மலையிறங்கிப் போயிற்று. எஸ்டேட் ஆட்கள் துப்பாக்கியை வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். எலெக்சன் வந்தால் ஸ்டேசனில் ஒப்படைத்துத் திரும்ப வாங்குகிறவர்கள் வரிசையாக நம் பட்டறையில் எண்ணெய் போடக் கொடுத்துவிட்டுப் போவார்கள், அதுவும் நின்றது. பெர்ன்ஹில் வளைவில் இருந்த டீக்கடைக்காரன் உங்களுக்கு மட்டும் அரை டம்ளர் ஊற்றத் தொடங்கினான். சிந்திவிடுமாம். மிச்சத்தை அப்புறம் ஊற்றுவானாம். நீங்கள் அதையும் வாங்கிக் குடித்தீர்கள். அந்தக் கடையில் நான் அதற்கப்புறம் தீப்பெட்டிகூட வாங்கியதில்லை. அவன் செத்ததற்கும் போகவில்லை.

கேட்டுக் கேட்டுத்தான் உங்கள் கை நடுங்கத் தொடங்கியது. ஊர் சொன்னதைக் கை கற்றுக்கொண்டது. நடுங்குகிற கை துப்பாக்கியைத் தொடக் கூடாது என்று நீங்களே போய் லைசென்ஸை ஒப்படைத்தீர்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் எனக்குக் கொடுத்தீர்கள். சேரிங் கிராஸ் தாண்டியதும், "எங்கையே எனக்குத் துரோகம் பண்ணிருச்சு சரசு" என்றீர்கள். அதற்கப்புறம் பூட்டு ரிப்பேர், குக்கர் கைப்பிடி, சாவி வெட்டுவது. லேத் தார்ப்பாய்க்கடியில். சாகிற வரைக்கும் நீங்கள் அதன் பக்கம் போகவில்லை.

தகடு கிடைத்த மறுநாள் உங்கள் அக்காவிடம் போனேன். அவருக்கு இப்போது கண் மங்கிவிட்டது, நாக்கு மங்கவில்லை. தகட்டை அவர் கையில் வைத்தேன். தடவிப் பார்த்தார்.

"ஆமா, நாந்தான் எழுதி வாங்கினேன். எந்தம்பி நல்லா இருக்கோணும்னு வாங்கினேன். அதுக்கென்ன இப்ப?"

"அவரு வேண்டாம்னு சொன்னாரல்லங்க நங்கை."

"அவன் சொன்னா? அவனுக்கு எது நல்லதுன்னு அவனுக்கு என்னைக்குத் தெரிஞ்சுது? உன்னக் கட்டுனவந்தானே."

பாருங்கள், எண்பது தாண்டியும் எப்படி இருக்கிறார். ஆனால் ஒன்று, அவர் ஒளிக்கவில்லை. அந்த லேத் ஏன் சரியாக ஓடவில்லை என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. தகடு வைத்தும் தம்பிக்கு இப்படி ஆயிற்றே, வைக்காவிட்டால் என்னவாகியிருக்குமோ என்றுதான் இத்தனை வருசம் நினைத்துக்கொண்டிருந்தாராம். உடைத்துச் சொன்னேன். முதலில் நம்பவில்லை. கலாவின் சடை முடியை ஞாபகப்படுத்தினேன். பல்லில்லாத வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் முறை. யார் கையில் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். கேட்காமலே எனக்குத் தெரியும். இருந்தாலும் அடுத்தவர் வாயால் கேட்க வேண்டும் அல்லவா.

"உன் தம்பி கையிலதான். அவந்தான் ஒல்லி."

கேத்திக்குப் பஸ் ஏறினேன். சந்திரன் வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். இப்போது ஒல்லி இல்லை. மகன் வீடு கட்டிவிட்டான், அவனுக்கு வயிறு வந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாக்கா, சொல்லாமக் கொள்ளாம" என்று சிரித்தான். முந்தியிலிருந்து தகட்டை எடுத்து அவன் மடியில் போட்டேன். சிரிப்பு அப்படியே முகத்தில் காய்ந்தது.

"ருக்குமணி அக்கா குடுத்தாங்க. கடப்பாரையில நெம்பி, நல்லதுக்குன்னுதான் வெச்சேன்" என்றான்.

"வெச்சதக் கேக்க நான் வரல. அவரு உன்ன உள்ள போயிப் பாருன்னு சொன்னாரல்ல? அப்ப என்னத்தப் பாத்த?"

"சொன்னா அடிச்சிருப்பாருக்கா."

"அவரு யாரைடா அடிச்சாரு? ஒருத்தர் பேரு சொல்லு."

மடியில் கிடந்த தகட்டைக் குப்புறத் திருப்பினான். அவன் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனதே நீங்கள்தான். லாரி வேலை வாங்கிக் கொடுத்ததும் நீங்கள்தான். தரையைப் பார்த்துக்கொண்டே, முதல் தடவையே சொல்லியிருக்க வேண்டும், அன்றைக்கு விட்டதும் அப்புறம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்றான். நீங்கள் ஊரில் இல்லாத நாள் பார்த்துத் தகட்டை உருவிவிடலாம் என்று ஒரு தடவை வந்தானாம். நட்டு இறுகிவிட்டதாம். உனக்கு வாய்கூடவா இறுகிவிட்டது என்று கேட்டேன். கை நடுங்குகிறது என்று ஊரே சொன்னபோது நீ எங்கேயடா இருந்தாய் என்று கேட்டேன். அரை டம்ளர் டீ அவர் குடித்தபோது பக்கத்து பெஞ்சில் நீயும்தானே முழு டம்ளர் குடித்தாய் என்று கேட்டேன்.

அவ்வளவு நேரமும் எனக்குள் ஏதோ ஒன்று, கூடப் பிறந்தவன்தானே, கிழவனாகிவிட்டான், போகட்டும் என்று முனகிக்கொண்டுதான் இருந்தது. பொய் சொல்லமாட்டேன். அவன் மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். டம்ளருக்குக் கை நீட்டப் போனேன். அப்போது சொன்னான்:

"விடுக்கா. இப்ப மாமாவே இல்ல. இனி யாருக்கு என்ன ஆகப்போவுது?"

கையை இழுத்துக்கொண்டேன். அவன் வீட்டில் கை நனைக்காமல் எழுந்து வந்தேன். இனியும் நனைக்கமாட்டேன்.

யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று கேட்கிறான். லேத்தை வாங்க வந்த அந்த மெக்கானிக்கிடம், அன்றைக்கு வண்டி ஏற்றுவதற்கு முன், சமையலறையிலிருந்து நீங்கள் கடைந்து கொடுத்த இஞ்சித் தண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இத்தனை வருசமும் தினம் காலையில் அதால்தான் இஞ்சி நசுக்குகிறேன், நடுவில் மட்டும், உங்கள் வளையங்களில் படாமல். கழுவித் துடைத்துத் தேங்காயெண்ணெய் பூசித்தான் வைப்பேன். இரண்டு முனையையும் அளக்கச் சொன்னேன். கிழவிக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார், ஆனாலும் அளந்தார். மறுபடி அளந்தார். ரெண்டும் ஒண்ணுதாங்க அம்மா, முடியளவுகூட வித்தியாசம் இல்லை, யார் கடைந்தது என்றார். எங்க ஊட்டுக்காரர் என்றேன்.

ஏனுங்க, உங்கள் கை உங்களுக்குத் துரோகம் பண்ணவில்லை. அது ஒரு நாளும் பிசகவில்லை. பிசகியது உங்கள் காலடியில். இதை உங்களிடம் சொல்ல வேண்டிய வாய் ஒன்று கேத்தியில் டீ குடித்துக்கொண்டிருந்தது, நீங்கள் கண்மூடுகிற வரைக்கும்.

லேத் போய்விட்டது. தண்டை நான் கொடுக்கவில்லை. கடைசியில் அது என்னோடுதான் வர வேண்டும் என்று கலாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

தேவசகாயம் அண்ணன் மேல் எனக்கு எப்போதும் வருத்தம் இருந்ததில்லை. கலா அன்றைக்குச் சின்னப் பிள்ளை. உங்கள் அக்காவோடு எனக்கு வேறு வழக்குகள் நிறைய இருக்கின்றன, என் அம்மா கொடுத்த பித்தளை அண்டா உட்பட. அவற்றை நான் விடப்போவதில்லை. ஆனால் இந்தத் தகட்டுக்காக அவரை மன்னித்துவிட்டேன், நேற்று வாழைப்பழம் வாங்கிப் போய்ப் பார்த்தேன். ரசமட்டத்தை மறுபடி கேட்க வெட்கப்பட்ட உங்களையும், இதை எழுதி முடிக்கிற நேரத்துக்குள், முக்கால்வாசி மன்னித்துவிட்டேன்.

பின்மூலையில் நுழைந்து பார்த்தவன், பார்த்ததை விழுங்கியவன், அப்புறம் உங்கள் பாடையின் முன்மூலைக்குத் தோள் கொடுத்து அழுதுகொண்டே நடந்தவன், என் அம்மா வயிற்றில் எனக்குப் பின்னால் பிறந்தவன், சந்திரன். அவனை மட்டும் மாட்டேன்.